கண்ணாடி அலமாரியில் ஒரு பிரேக் பேடு

போன மாசம் எங்க பழைய காற்றாலை சர்வீஸ் ஆபீசுல இருந்து ஒரு போன் வந்துச்சு. பேசினது கிருத்திகான்னு ஒரு இஞ்சினியர் பொண்ணு. நான் ரிட்டையரான பொறகு வேலைக்குச் சேந்தவ, நேர்ல பாத்ததுகூட இல்லை.

"ஏனுங்க சார், ஆபீசைக் காலி பண்றமுங்க. பழைய சின்னக் காத்தாடியெல்லாம் எறக்கிப்போட்டுப் பெருசு நிறுத்தறாங்கல்லங்க, ஆபீசும் உடுமலைக்கே போகுதுங்க. இங்கெ கண்ணாடி அலமாரியில கருகிப்போன பிரேக் பேடு ஒண்ணு இருக்குதுங்க. கீழ சீட்டுல உங்க பேரு எழுதியிருக்குது. தூக்கிப் போட்டர்லாமுங்களா?"

"அய்யோ சாமி, வேண்டாம் கண்ணு! நானே வாரேன்" அப்படின்னு கத்திப்போட்டேன். ஊட்டுக்காரி அடுப்படியில இருந்து ஓடி வந்துட்டா, யாருக்கு என்ன ஆச்சோன்னு.

"அதுல அப்படி என்னங்க சார் இருக்குது?"ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. போன்ல சொல்ற சங்கதியா அது? எழுதிக் குடுக்கறேன்னு சொன்னேன். இப்பத்தான் எழுத உக்காந்திருக்கேன்.

நான் அன்னூர்ப் பக்கத்து ஆளு, பேரு நாச்சிமுத்து. ஐ.டி.ஐ. முடிச்சுப்போட்டுக் கோயமுத்தூர்ல ஒரு நூல் மில்லுல ஏழு வருசம் ஃபிட்டரா இருந்தேன். தொண்ணூறுகள்ல கரண்டு வெட்டுத் தாங்காம மில்லுக்காரங்க ஆளாளுக்குப் பல்லடம், உடுமலைப் பக்கம் காட்டை வாங்கிக் கரண்டு எடுக்கற காத்தாடி நிறுத்த ஆரம்பிச்சாங்க. மெசின் டென்மார்க்ல இருந்து கப்பல்ல வந்துச்சு. அதை நிறுத்திப் பராமரிக்கிற கம்பெனியில ஆள் எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டுப் போய்ச் சேந்தேன். பத்து நாள் பாடம், ஒரு பெல்ட்டு, ஒரு ஹெல்மெட்டு. பதினொண்ணாம் நாள் நூறடி ஏணியில தொங்கிட்டிருந்தேன். அவ்வளவுதான் என்ற படிப்பு.

மீதியெல்லாம் ரங்கசாமி சாருகிட்டப் படிச்சது. எங்க சர்வீஸ் மேனேஜர், காரமடைக்காரர். ஒல்லியா, வெள்ளைச் சட்டையில, சோப்புல கழுவி வெச்சாப்புல இருப்பார். என்னைவிட இருபது வயசு மூத்தவர், ஆனா ஒருக்காகூட எவனையும் 'நீ'ன்னு கூப்பிட்டதில்லை. திட்டறதும் மரியாதையாத்தான். "நீங்க செஞ்சது நல்லா இல்லீங்களே"ம்பார். உள்ள வாங்கிக் கட்டிக்கிட்டவனுக்கு வெளிய வந்து டீ குடிக்கறப்பத்தான் அது திட்டுன்னே வெளங்கும்.

எந்த போல்ட்டைத் தொடறதுக்கு முன்னாடியும் என்ன செய்யப்போறோம்னு வாய்விட்டுச் சொல்லோணும். வேலை முடிஞ்சு கீழ எறங்கறதுக்கு முன்னாடி ஸ்பேனரையெல்லாம் சாக்கு விரிச்சு அடுக்கி எண்ணோணும். நாங்க எண்ணின பொறகு அவர் ஒருக்கா எண்ணுவார், அவங்க ஊட்டுத் தெலுங்குல, "ஒகட்டி, ரெண்டு, மூடு"ன்னு. ஒண்ணு கொறஞ்சா மறுபடி நூறடி ஏறோணும். எல்லாத்தையும்விட ஒரு சட்டம் அவருக்கு உசிரு. தன்ற கண்ணுல பாக்காத எதுக்கும் கையெழுத்துப் போட மாட்டார். மில் மொதலாளி காரை நிறுத்திட்டு அவசரப்படுத்தினாலும் சரி. "ஒரு நிமிசம் பொறுத்துக்குங்க, மேல போய்ப் பாத்துப்போட்டு வந்தர்றேன்"ன்னு வேட்டி கட்டியிருந்தாக்கூடத் தார்ப்பாய்ச்சிக்கிட்டு ஏறிருவார்.

இனி என்ற கிறுக்குத்தனத்தைச் சொல்றேன்.

ஆயுத பூசை எங்க பக்கம் பெரிய நோம்பி. மில்லுல இருந்த ஏழு வருசமும் மெசினு ஒண்ணு விடாமக் கழுவித் தொடைச்சுச் சந்தனம், குங்குமம் வெச்ச கையி இது. காத்தாடிக்கு வந்த மொத வருசம், ஏழாம் நம்பர் மெசினு என்ற பொறுப்பு. ரங்கசாமி சார் கீழ பூசணிக்காயோட நின்னுக்கிட்டுத் தெளிவாத்தான் சொன்னார். "மேல வெளக்கு வேண்டாமுங்க, கற்பூரம் வேண்டாமுங்க. கண்ட்ரோல் பெட்டி மேல ஒரு பொட்டு போதுமுங்க." சரிங்கன்னு சொல்லிப்போட்டுத் தட்டத்தை இடுப்புல கட்டிக்கிட்டு ஏறினேன்.

மேல இருக்கிற பெட்டியை நாங்க 'தலை'ம்போம். அதுக்குள்ள பிரேக் டிஸ்க் இருக்கும், பெரிய அப்பளம் கணக்கா வட்டமா, முகம் பாக்கலாம், அப்படி மினுங்கும். கண்ட்ரோல் பெட்டிக்கு வெச்சுட்டு, இத்தனை பேரு உசுரைக் காக்கிற டிஸ்க்குக்கு வெக்காம எப்படி எறங்கறதுன்னு எனக்கு மனசு ஒப்பலை. வெச்சேன். காத்துல குங்குமம் பறந்துபோச்சு. மறுபடி வெச்சேன், மறுபடி பறந்துச்சு. நாந்தான் மகா புத்திசாலியாச்சே! கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்துல ஏணிக் கொக்கிக்குத் தடவற வெளக்கெண்ணெய் இருந்துச்சு. அதுல குங்குமத்தைக் குழைச்சு, டிஸ்க்குக்கு ரெண்டு பக்கமும் மூணு மூணு பொட்டு, கட்டை வெரலால அழுத்தி வெச்சேன். அம்மன் மொகமாட்டம் இருந்துச்சு. கும்பிட்டுப்போட்டு எறங்கி வந்து பொரிகடலை தின்னேன்.

டிஸ்க்குல எண்ணெய் பட்டா பிரேக் பிடிக்காதுன்னு சைக்கிள் ஓட்டறவனுக்கே தெரியும். எனக்குத் தெரியாதுங்களா? தெரியும். ஆனா அன்னிக்கு என்ற கண்ணுக்கு அது எண்ணெயாத் தெரியலை, பூசையாத் தெரிஞ்சுது.

ரெண்டு வாரம் கழிச்சு, ஐப்பசியில ஒரு மத்தியானம் மூணு மணிக்கு இடியும் சூறைக்காத்துமா வந்து லைன்ல கரண்டு போயிருச்சு. கரண்டு போனா காத்தாடி தானா நிக்கோணும். றெக்கை நுனி திரும்பிப் பாதி வேகத்தைக் கொறைக்கும், மீதியை டிஸ்க் பிரேக்குத்தான் பிடிக்கோணும். ஏழாம் நம்பர்ல பிரேக் பிடிச்சுது, ஆனா வழுக்கிருச்சு. வழுக்கி வழுக்கிச் சூடேறி, மேல் மூடி தீப்பிடிச்சு, எரியற துண்டு துண்டாக் கீழ பருத்திக் காட்டுல விழுந்துச்சு. அங்கெ பருத்தி எடுத்துட்டிருந்த பொம்பளைங்க மழைக்குப் பயந்து பத்து நிமிசம் முன்னாடிதான் மோட்டார் ரூமுக்கு ஓடியிருந்தாங்க. அவங்க நின்ன பாத்தியிலதான் தீ விழுந்துச்சு.

மறுநாள் நானேதான் மேல ஏறிப் பிரேக்கைக் கழட்டினேன். பேடு கரியாப் போயிருந்துச்சு. அதைப் பிடிச்சிருந்த இரும்பு இடுக்குல மட்டும் ஒரு நெல்லு மணி அளவு செகப்பு. பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சுத்தியும் பாத்தேன், நூறடி ஒசரத்துல யாரு இருப்பாங்க? கட்டைவெரல் நகத்தால அதைச் சுரண்டிப்போட்டேன். பொட்டு வெச்ச அதே வெரல்.

ரங்கசாமி சாருக்கு அப்ப முட்டி ஆபரேசன் ஆகிப் பத்து நாள்தான். கோல் ஊனி டவருக்கடியில நின்னுட்டிருந்தார். எறங்கினவனை ரொம்ப நேரம் பாத்தார். "நாச்சிமுத்து, ஒளிக்காமச் சொல்லுங்க. நம்ம பக்கம் ஏதாச்சும் தப்பு உண்டுங்களா?"

"இல்லைங்க சார்."

"நம்ம கை சுத்தம்னு நான் எழுதலாமுங்களா?"

"எழுதுங்க சார்."

மில் மொதலாளியோ மெசினு சரியில்லைன்னு ஒரே கூப்பாடு. ரங்கசாமி சார் அன்னிக்குப் பொழுதோட டென்மார்க்குக்குக் கடுதாசி எழுதினார். எங்க பராமரிப்புல கோளாறு இல்லை, பிரேக்கைத் தயாரிச்ச எடத்துலயே ஏதோ தப்பு நடந்திருக்கோணும்னு. கையெழுத்தும் போட்டார். அந்தப் பேடை எடுத்துக்கிட்டு ஒருத்தர் வாங்க, எல்லாருமா உக்காந்து சோதிப்போம்னு பதில் வந்துச்சு. கழட்டினது நான், அதனால என்னையே தாட்டிவிட்டாங்க.

எங்க குடும்பத்துல ஏரோப்ளேன் ஏறின மொத ஆளு நாந்தான். ஒறம்பரைச் சனமெல்லாம் வந்து மாலை போட்டாங்க. ஊட்டுக்காரி என்ற பர்சுல குங்குமப் பொட்டலம் ஒண்ணு மடிச்சு வெச்சா. எனக்கு அழுகையே வந்துருச்சு. ஊரைப் பிரியற வருத்தம்னு எல்லாரும் தேத்தினாங்க.

அங்கெ மார்கழி. நம்ம மார்கழியை நெனச்சுக்காதீங்க, மத்தியானம் மூணரைக்கே வெளக்கு வெக்கற மார்கழி. அந்த ஊரு பேரு இன்னைக்கும் என்ற வாயில நொழையலை. ஒரு தேவாலயம், ஒரு கடைவீதி, ஊருக்கு வெளிய எங்க காத்தாடி செய்யற பேக்டரி. சனிக்கெழமை போய் எறங்கினேன், திங்கக்கெழமைதான் சோதனை. ஞாயித்துக்கெழமை ஊரே பூட்டிக் கெடந்துச்சு. தங்கின ஊட்டு அம்மா என்ற மூஞ்சியைப் பாத்துப் பரிதாபப்பட்டு, "மியூசியம் திறந்திருக்கும், ரெண்டுல இருந்து நாலு மணி வரைக்கும்"னு வழி சொன்னாங்க. பேடை ரூம்ல வெச்சுட்டுப் போகப் பயம். துணியில சுத்தி கோட்டுப் பையில போட்டுக்கிட்டு நடந்தேன்.

மியூசியம்னா நம்ம ஊர்ல ராசா கத்தி, செப்புச் சிலை, பீரங்கி. அங்கெ பழைய பால் சொசைட்டி கட்டடம், ரெண்டே ரெண்டு ரூமு. உள்ள போனா மரச் செருப்பு, வெண்ணெய் கடையற பீப்பாய், பள்ளிக்கூட பெஞ்சு, எவரோ ஒரு அம்மா கல்யாணத்துக்குப் போட்ட கையுறை. அட கெரகமே, இதெல்லாம் எங்கூட்டுப் பரண்ல கெடக்குதேன்னு எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஆனா ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு சீட்டு, எல்லாத்துலயும் மூணு வரி. இது என்ன, யாரு குடுத்தது, இது என்ன பண்ணுச்சு. சிரிப்பு தானா அடங்கிருச்சு.

காவலுக்கு ஒருத்தர் இருந்தார், அறுபது வயசுக்குக் கிட்ட, கம்பளிச் சட்டையில. வருகைப் புஸ்தகத்தை நீட்டினார். பேரெழுதி, கோயம்புத்தூர், இந்தியான்னு எழுதினேன். அவர் அதைப் படிச்சுட்டு என்னை நிமிந்து பாத்தார். "பிரேக்?"ன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆமான்னேன்.

"நான் ஸ்வென். அந்தப் பிரேக்கைப் பூட்டினவன் நாந்தான். பிரேக்கோட வந்த அட்டையில இருக்கிற கையெழுத்து என்னோடது" அப்படின்னார். பேக்டரியில அவருக்கு அதுதான் வேலையாம். ஞாயித்துக்கெழமை மட்டும் இங்கெ சும்மா வந்து உக்காருவாராம், ஊர்க்காரங்க மொறை வெச்சுப் பாத்துக்கறாங்க. அவருக்கும் இங்கிலீசு மட்டம், எனக்கும் மட்டம், அதனால ஒருத்தருக்கொருத்தர் நல்லாவே புரிஞ்சுது.

கெட்டில்ல இருந்து காப்பி ஊத்திக் குடுத்துட்டு அவராச் சொன்னார். எங்க கடுதாசி வந்த அன்னிக்கே அவரைப் பிரேக் மேசையில இருந்து எடுத்து ஸ்டோருக்குப் போட்டுட்டாங்க. போல்ட்டைச் சைஸ் வாரியாப் பொறுக்கற வேலை. விசாரணை முடியற வரைக்கும் அதுதான் வழக்கம், அதுல கோவமில்லைன்னார். "நான் தப்புப் பண்ணலைன்னுதான் நெனக்கிறேன். ஆனா நிச்சயமாத் தெரியலை. அன்னிக்குக் கையைச் சரியாத் தொடைச்சனா இல்லையான்னு தெனமும் யோசிக்கிறேன். நாப்பத்தி ரெண்டு நாளாச்சு. கையில துளி கிரீஸ் இருந்திருந்தாலும் போதுமே." சொல்லிப்போட்டுக் கையைப் பாத்தார். நான் காப்பிக் கப்பைக் கீழ வெச்சேன். எந்திரிச்சு அடுத்த ரூமுக்குப் போயிட்டேன், கோழையாட்டம்.

அங்கெதான் அதைப் பாத்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள, பிறை மாதிரி வளைஞ்ச ஒரு மரத்துண்டு, பாதி கரி. மத்தவங்களுக்கு அது வெறகு. பிரேக்குல பொழைப்பு நடத்தறவன் எனக்குத் தெரியாதா? பழைய மரக் காத்தாடியோட பிரேக் அது.

ஸ்வென் பின்னாலயே வந்து சீட்டைப் படிச்சுச் சொன்னார். ஊர்ல மாவரைக்கிற காத்தாடி இருந்துச்சாம். ஒரு நாள் பொழுது சாய ஆலைக்காரர் றெக்கைத் துணியைச் சுருட்டாம அப்படியே உட்டுட்டு ஆட்டம் பாட்டத்துக்குப் போயிட்டார். புயல் வந்துருச்சு. ஓடிவந்து பிரேக்கை இழுத்தார், அது தேஞ்சு தீப்பிடிச்சு ஆலையே எரிஞ்சுபோச்சு. பொறகு அவரே அந்தத் துண்டைக் கொண்டுவந்து இங்கெ குடுத்து, மூணாம் வரியை அவரே எழுதினாராம்: 'காற்றின் மேல் குற்றமில்லை. நான் ஆடப் போயிருந்தேன்.'

"இதை எதுக்கு வெச்சிருக்கீங்க? அந்த மனுசனுக்கு அவமானமில்லையா?"ன்னு கேட்டேன்.

ஸ்வென்னுக்குக் கேள்வியே புரியலை. ரெண்டு தரம் கேட்டேன். "அவர் எங்கம்மாவோட அப்பா. இதுவும் ஊர்ல நடந்ததுதானே?"ன்னார். சாவி எடுத்துப் பெட்டியைத் திறந்து, தொட்டுப் பாருன்னு என்ற கையில குடுத்தார். கையில அவங்க தாத்தனோட பிரேக்கு, கோட்டுப் பையில என்ற பிரேக்கு. ரெண்டுக்கும் நடுவுல நான் நின்னேன் பாருங்க, அந்த நிலைமை எந்த எதிரிக்கும் வரக்கூடாது. உண்மையைச் சொன்னா என்ற வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை. வாழ்நாள்ல ஒரே ஒருக்கா, என்னை நம்பி, கண்ணுல பாக்காமக் கையெழுத்துப் போட்டாரே ரங்கசாமி சார், அவரைப் பொய்யராக்கோணும். சொல்லாம விட்டா, இந்த மனுசன் சாகற வரைக்கும் தன்ற கையையே பாத்துட்டு உக்காந்திருப்பார்.

அன்னிக்குத் தூக்கமே இல்லை.

திங்கக்கெழமை காலையில ரெண்டு இஞ்சினியருங்க, நான், அப்பறம் ஸ்வென். சோதனை மெசினை ஓட்டத் தெரிஞ்சவர் அவர் ஒருத்தர்தானாம். பேடை மேசை மேல வெச்சேன். யாரும் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி, மனசுக்குள்ள கூட்டி வெச்சிருந்த இங்கிலீசைக் கொட்டிப்போட்டேன். "பேக்டரி மேல தப்பில்லை. ஸ்வென் மேல தப்பில்லை. நான் பண்ணினது."

எப்படின்னாங்க. பூசைன்னேன், புரியலை. சாமின்னேன், அதுவும் புரியலை. வாயால ஆகாதுன்னு பர்சுல இருந்து பொட்டலத்தை எடுத்தேன். வெளக்கெண்ணெய்க்கு எங்க போறது? ஸ்வென்தான் கேண்டீனுக்குப் போய்ச் சமையல் எண்ணெய் வாங்கிட்டு வந்தார். மொதல்ல சுத்தமான டிஸ்க்கை ஓட்டிப் பிரேக் போட்டார், மூணு எண்ணறதுக்குள்ள நின்னுச்சு. பொறகு நான் குழைச்சேன். அதே மாதிரி, பக்கத்துக்கு மூணு பொட்டு, கட்டைவெரலால அழுத்தி. ஸ்வென் சுச்சைப் போட்டு, வேகம் ஏறினதும் பிரேக்கை இறக்கினார். பதினஞ்சு எண்ணினேன். டிஸ்க் நிக்கலை, புகையுது. அவர் மெசினை நிறுத்திப்போட்டார்.

யாரும் சிரிக்கலை. பெரிய இஞ்சினியர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார், "டிஸ்க் மேல எதுக்கு வெச்சே?"ன்னு. வருசத்துல ஒரு நாள் மெசினுக்கு நன்றி சொல்லுவோம்னேன். தலையாட்டிக்கிட்டு எழுதிக்கிட்டார். அடுத்து வந்த கையேட்டுல புதுசா ஒரு படம் இருந்துச்சு. டிஸ்க் மேல மூணு பொட்டு, அதுக்கு மேல ஒரு பெருக்கல் குறி. உலகம் முழுக்க அந்தக் கையேடு போச்சு. எதுக்குன்னு தெரியாம எத்தனை பேரு மண்டையைச் சொறிஞ்சாங்களோ.

ஸ்வென் தன்ற ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பாத்தார். பொறகு வந்து என்ற கையைப் பிடிச்சார். ரொம்ப நேரம் விடலை.

கோயமுத்தூர் வந்து எறங்கினதும் பொட்டியோட நேரா ஆபீசுக்குப் போனேன். ரங்கசாமி சார் ரூம்ல நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன், நகத்தால சுரண்டினது வரைக்கும். அவர் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சார். மறுபடி போட்டுக்கிட்டார். மறுபடி கழட்டினார்.

"மொதல்லயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே, கண்ணு" அப்படின்னார். அவர் என்னைக் கண்ணுன்னு கூப்பிட்டது அன்னிக்கு ஒரு நாள்தான். நான் ஓன்னு அழுதுபோட்டேன்.

டென்மார்க்குக்கு ஒண்ணு, மில் மொதலாளிக்கு ஒண்ணுன்னு எனக்கு எதிர்லயே ரெண்டு கடுதாசி எழுதினார். வேலையை விட்டு அனுப்பிருவாருன்னு நின்னுட்டிருந்தேன். "அந்த ஸ்வென் எத்தனை நாளுங்க போல்ட் பொறுக்கினார்?"

"நாப்பத்தி மூணு நாளுங்க."

"நீங்களும் நாப்பத்தி மூணு நாள் பொறுக்கிப்போட்டுப் பொறகு டவர் ஏறுங்க." பொறுக்கினேன். ஒரு நாள் லீவு போடலை.

அந்த மாசமே டென்மார்க்ல இருந்து ஒரு சின்னப் பொட்டி வந்துச்சு. உள்ள என்ற பேடு, கூட ஒரு சீட்டு, மியூசியத்துல இருக்கிற அதே மாதிரி. மொத ரெண்டு வரியை ஸ்வென் இங்கிலீசுல அடிச்சிருந்தார்: பிரேக் பேடு, குடுத்தவர் நாச்சிமுத்து. மூணாம் வரி காலி. ரங்கசாமி சார் பேனாவை எங்கிட்ட நீட்டினார். நான் எழுதினேன்: 'காற்றில் குற்றமில்லை, பேடில் குற்றமில்லை. குங்குமம் குழைத்தது நான்.' அவர் சீட்டை வாங்கிப் படிச்சுட்டு, கண்ணாடி அலமாரியில இருந்த கேடயத்தையெல்லாம் ஓரமாத் தள்ளிப்போட்டு நடுவுல வெக்கறேன்னு உள்ள கொண்டுபோனார். மறுநாள் பாத்தா பேடுக்கு அடியில சீட்டு ஒட்டியிருந்துச்சு. நான் ரிட்டையராகற வரைக்கும் அது அங்கேயேதான் இருந்துச்சு. புதுசா வர்றவனெல்லாம் "யாருங்க அந்த அறிவாளி?"ன்னு கேப்பான், "நாந்தானுங்க"ம்பேன்.

போன் வந்த மறுநாளே பஸ் ஏறினேன். கிருத்திகா அலமாரியைத் திறந்து வெச்சிருந்துச்சு. பேடை எடுத்தேன். சீட்டு கண்ணாடித் தட்டோட ஒட்டிக்கிட்டு வரமாட்டேன்னுச்சு. அந்தப் பொண்ணு ஸ்கேலை நொழைச்சுப் பதமா நெம்பி எடுத்துத் திருப்பிப் பாத்துச்சு. "சார், பின்னாடியும் ஏதோ எழுதியிருக்குதுங்களே"ன்னு நீட்டுச்சு.

பென்சில் எழுத்து, மங்கலா. எனக்குத் தெரிஞ்ச எழுத்து. 'மேலே ஏறிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான். ரங்கசாமி.'

அவர் போய்ச் சேந்து பன்னெண்டு வருசமாச்சு. எத்தனை வருசம் ஒண்ணா வேலை பாத்தோம், ஒரு வார்த்தை சொன்னதில்லை. பொய் சொன்னது நான், ஆனா அவரும் அதுல பாதியைத் தூக்கிக்கிட்டே நடந்திருக்கார். அந்தப் பொண்ணு முன்னாடி, வயசுக்கு மரியாதை இல்லாம, நான் தேம்பிட்டேன்.

கிருத்திகா தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. நான் குடிச்சதும், "புது ஆபீசுல இதை எங்க வெக்கட்டுங்க சார்?"ன்னு கேட்டுச்சு.

"எங்க வேணா வெய்யி கண்ணு. சீட்டு ரெண்டு பக்கமும் தெரியற மாதிரி வெய்யி."